என் பெட்டைக்கோழி கூவிய வருஷம்

கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக்குப் பின்னால் ஐந்து கோழிகள் வளர்த்தேன். அதில் ஒரு கறுப்புப் பெட்டை மூன்று வருஷம் ஒழுங்காக முட்டையிட்டுவிட்டு திடீரென நிறுத்திக்கொண்டது. மெல்ல மெல்ல அதன் கொண்டை தடித்துச் சிவந்தது. சேவலுக்கு இருப்பதுபோல் காலில் முள் முளைத்தது. ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்று கூவியது. கரகரப்பாக, பாதியில் உடைந்துபோகிற கூவல்.

எதிர்வீட்டுக்காரர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "பெட்ட கூவுனா வூட்டுக்கு ஆவாதுமா. இன்னிக்கே அறுத்துடு." மூன்று மாதமாக அவர் வீட்டுச் சாக்கடை தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் எல்லார் வீட்டுக்கும் ஆகிவந்தது போலிருக்கிறது.

அன்று ரயிலைத் தவறவிட்டேன். நடைமேடையில் நின்றபோது ஒரு கணம் எனக்கும் அந்தக் கோழி ஞாபகம் வந்தது. அந்த ஒரு கணத்துக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு மரியாதை இல்லை.

சனிக்கிழமை அதை ஒரு கூடையில் போட்டு, செங்கல்பட்டு கால்நடை மருத்துவமனைக்கு ரயிலில் கொண்டுபோனேன். பரனூர் தாண்டியதும் ரயில் பெட்டிக்குள்ளேயே கூவியது. பக்கத்தில் இருந்த பெண் பூக்கூடையோடு எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள்.

மருத்துவர் சின்னப் பெண். வயிற்றைத் தடவிப் பார்த்தார். "கோழிக்கு இடது பக்க சூலகம் மட்டும்தான் வேல செய்யும். அது கெட்டுப்போனா பெண் ஹார்மோன் கொறஞ்சிடும். அப்புறம் சேவல் மாதிரி மாற ஆரம்பிக்கும். உள்ள கட்டி இருக்கலாம். வேற ஒண்ணும் இல்ல."

அந்த வாரம்தான் கல்லூரியில் படிக்கிற என் அண்ணன் மகளுக்கு நெம்மேலியில் பார்த்திருந்த சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. அண்ணன் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாளெல்லாம் எந்திரக் கைகள் கார்க் கதவு மாட்டுவதை மேற்பார்வை பார்க்கிற மனிதருக்கு என் கோழிதான் காரணமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு, துணிப்பையில் கத்தியோடு வந்தார்.

"எங்க கீது அது?"

மருத்துவர் சொன்னதைச் சொன்னேன்.

"டாக்டருக்கு இன்னா தெரியும்? சம்பந்தம் போச்சே, அதுக்கு அவ மருந்து குடுப்பாளா?"

"அறுத்துட்டு இன்னா பண்ணுவே?"

"கொழம்பு வைக்கலாம். நாட்டுக்கோழிதானே."

கெட்ட சகுனம் மசாலாவில் வெந்தால் சரியாகிவிடும் என்பது என் அண்ணனின் சாஸ்திரம்.

அவர் கூண்டைத் திறக்கக் குனிந்தபோது மகள் பேசினாள். "அப்பா, அந்தப் பையன்கிட்ட நான்தான் பேசினேன். எனக்கு இஷ்டம் இல்ல, நீங்களே வேணாம்னு சொல்லிடுங்கன்னு கேட்டேன். அவரு நல்லவரு, சொல்லிட்டாரு."

அண்ணன் நிமிர்ந்தார். கத்தி கையிலேயே இருந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்டே?"

அண்ணன் கத்தியைப் பையில் போட்டார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எல்லாம் நீ குடுக்கிற எடம்" என்றார். கோழியைக் குற்றம் சொல்ல முடியாமல் போனதும் அடுத்து அகப்பட்டது நான். வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். மகள் என்னோடு சாப்பிட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் போனாள். ஒரு மாதம் அவளோடு அவர் பேசவில்லை. அந்த மாதம் நிம்மதியாகப் படிக்க முடிந்தது என்று பிறகு அவளே சொன்னாள்.

கோழி அடுத்த மழைக்காலம்வரை இருந்தது. வயிறு ஊதி, இரை எடுக்காமல் இரண்டு நாள் படுத்திருந்து செத்துப்போனது. முருங்கை மரத்தடியில் புதைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"வுடுமா, பீடை ஒழிஞ்சிது. இனிமே உனக்கு நல்ல காலம்தான்."

அன்று சாயங்காலம் என் வீட்டில் மின்சாரம் போனது. வெளியே வந்து பார்த்தேன். அவர் வீட்டிலும் விளக்கு இல்லை, தெருவிலேயே இல்லை. மின்வாரியத்துக்கு நான்தான் போன் செய்தேன்.