இருபது வீட்டுக்கு ஒரு பசு

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே புதுக் குடியிருப்பு. இருபது வீட்டுக்கும் இன்று கிரகப்பிரவேசம். முதலில் உள்ளே நுழைய வேண்டிய பசுவோ ஒன்றே ஒன்று. பத்தொன்பது வீடு ஏறி இறங்கிய அது, கரும்பு வெட்டும் தேசம்மாவின் கடைசி வீட்டு வாசலில் அசையாமல் நிற்கிறது. ராகுகாலம் நெருங்குகிறது. எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

"நீங்களாவது பால் காய்ச்சலாமே?" என்று, விருந்தாளியாக வந்திருக்கும் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிறேன்.

"அதெப்பிடிங்க? இந்த வூட்டுக்காக எல்லாரும் ஒண்ணா மனு குடுத்துகினு அலைஞ்சோம். அத வுட்டுட்டு நாங்க மட்டும் அடுப்ப பத்த வெப்போமா?"

தேசம்மா ஓடிப்போய்க் கரும்புத் தோகை கொண்டுவந்து நீட்டுகிறாள். பசு படியேறி உள்ளே போகிறது. பளபளக்கும் புதுத் தரையில் தாராளமாகச் சாணமும் போடுகிறது.

"அரோகரா!" தெருவே கத்துகிறது.

இருபது வீட்டிலும் பால் பொங்குகிறது. எனக்கு முதல் தம்ளர் கடைசி வீட்டிலிருந்து வருகிறது.