பூக்காத அல்லி

அல்லிக் கிழங்கை ஈரத்தாளில் சுற்றிக் கொடுத்தபடி மாத்தளை வளர்ப்பு மீன் கடைக்காரர் சொன்னார்: "மேல வர்ற இலைய வெட்டிறாதீங்க அக்கா. வெட்டிக்கிட்டே இருந்தா ஒருநாளும் பூக்காது."

அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். புறப்படும் முன் எங்கள் மீன் தொட்டி மணலில் ஒரு கிழங்கைப் பாதி புதைத்துவிட்டு, "இது பூக்கிறதுக்குள்ள அம்மா வந்துருவேன்" என்றார். பூத்தால் அம்மா வருவார் என்றுதான் எனக்கு விளங்கியது. தினமும் விடிந்ததும் மொட்டைத் தேடுவேன்.

அப்பா தையல்காரர். ஓர் இலை தண்ணீருக்கு மேலே வந்தால் போதும், துணி வெட்டும் கத்தரிக்கோலாலேயே காம்பை நறுக்கிவிடுவார். துருப்பிடிக்கும் என்று ஈரக்கையால் என்னைத் தொடவிடாத கத்தரிக்கோல் அது.

"ஏம்ப்பா வெட்டுறீங்க?"

"மீனுக்கு வெளிச்சம் வேணும்ல."

நாள்கணக்கில் அவரோடு பேசமாட்டேன். தையல் மெஷின் சத்தம் மட்டும் வீட்டில் கேட்கும்.

அம்மா நான்காவது வருடம்தான் வந்தார். பெட்டியை இறக்குமுன்னே முறையிட்டேன்: "அப்பா ஒரு பூகூட பூக்க விடலம்மா!" அம்மா தொட்டியைப் பார்த்தார். அப்பா தலைநிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் சொல் பொய்யாகாமல் நான்கு வருடம் காத்தவர் அவர். இன்று இருவருமே இல்லை. அந்த வீட்டில் நான் ஒருத்திதான் காத்திருந்தேன் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.