பாலைவனப் பயறும் மாமாவின் தண்ணீரும்

மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கையில் குடை, மறு கையில் தண்ணீர்க் குழாய். ரொறன்ரோவின் வோபர்னில் எங்கள் வீட்டின் பின்வளவில் என் மாமனார் நின்ற அந்தக் கோலத்தை, இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. "மாமா, மழை பெய்யுதெல்லோ!" என்று ஜன்னலால் கத்தினேன். "உது மேல் மழை, பிள்ளை. வேருக்குப் போகாது," என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்தவள் அரிசோனாப் பாலைவனத்து ஓ'ஓதம் பழங்குடிப் பெண். கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்து, மாடிவீட்டில் ஒரு பிடி மண்ணில்லாமல் இருந்தாள். இறந்துபோன தாய் விட்டுச்சென்ற ரெப்பறி என்னும் பயறு கொஞ்சம் அவளிடம் இருந்தது. இனியும் விதைக்காவிட்டால் முளைக்காது என்று பயந்து என்னிடம் தந்தாள். "தண்ணீரை மட்டும் அள்ளி விடாதே. குடித்துக் கொழுத்தால் காய்க்காது," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? மாமா ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மதகு திறந்த மனுசன். வாய்க்காலின் கடைசிக் காணிக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் சாப்பிடுவாராம். "எனக்குத் தண்ணியைப் பற்றிப் படிப்பிக்க வாறியோ?" என்று பாய்ந்தார். குழாயைக் கழற்றி ஒளித்தேன், வாளியில் அள்ளினார். ஓகஸ்ட் பிறந்தும் கொடி முழுக்க இலை, ஒரு பூ இல்லை. பனி விழமுன் காய்க்காவிட்டால் அவளுடைய தாயின் பயறு அதோடு சரி. "பூத்ததா?" என்று வேலையில் அவள் கேட்கும்போதெல்லாம் மாமாமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லகாலம், மொன்றியலில் இருந்த அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து அவர் அங்கே போனார். போனாலும் விட்டாரா? பின்னேரமானால் ரெலிபோன்.

"தண்ணி விட்டனியோ?"

"இல்லை மாமா."

"சொல்வழி கேக்கிற பழக்கமே இல்லை உனக்கு!"

மண் வெடித்தது, இலை சோர்ந்தது, பிறகு பூவும் பிஞ்சுமாகக் கொடி நிறைந்தது. திரும்பி வந்தவர் காயைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் விட்டுட்டுப் போன தண்ணிதான் இப்ப வேலை செய்யுது," என்றாரே! கடவுளே!

முற்றிய காய் வெடித்துச் சிதறிவிடும் என்று அவளே பறிக்க வந்தாள். உரித்த பயறை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மாமா சும்மா இருப்பாரா? "இவவின்ர ஊரில ஆறு ஒண்டும் இல்லையோ? கேள், பிள்ளை."

கேட்டேன். ஆறு இருந்ததாம், அது பாய்ந்த வயல்களும் இருந்தனவாம். அவளுடைய பூட்டன் காலத்தில், ஆற்றின் மேல்பக்கம் வந்து குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரை மறித்துத் திருப்பிவிட்டார்கள். கிடைத்த மழையோடு நின்றுபிடித்தது இந்தப் பயறுதான் என்றாள். தமிழில் சொன்னேன். மாமா கதிரையில் நிமிர்ந்தார்.

"கீழ ஆக்கள் பயிர் செய்யினம் எண்டு மறிச்சவங்களுக்குத் தெரியாதாமோ?"

அதையும் கேட்டேன். அவள் மடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்," என்றாள்.

நான் குனிந்து உரித்த கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். மாமா கதிரை நுனிக்கு வந்து, "என்னவாம்? என்னவாம் பிள்ளை?" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.