தம்பியார் கட்டிய பந்தலும் வேலிக்கு அப்பால் விழுந்த நிழலும்

தம்பியாரின் இந்த நினைவு மலரில் எழுதுவதற்கு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். மருமகன் எழுதுவார். மகள் இன்னும் நன்றாக எழுதுவாள். ஆனால் தம்பியாரைக் கைக்குழந்தையாகக் கண்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். ஆகவே நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடித்தவர் திருத்தியிருப்பார். சொல்வதில் பிழை இராது.

தம்பியார் மன்னார் தீவில், எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் பிறந்தவை தங்கவில்லை. ஐயா கடற்றொழில் செய்தவர். தம்பியாருக்கோ வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி வரும். சில தரம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு ஐயா சொன்னார்: "இவனைக் கரையில விட்டிட்டு வாறன். இவனுக்கும் கரைச்சல், மீனுக்கும் கரைச்சல்." அப்படித்தான் அவர் தச்சுவேலைக்குப் போனார். கோயிலில் சனம் இருக்கிற வாங்கில்களைச் செப்பனிட்ட ஆசாரியாரிடம் பழகி, வயது வருமுன்பே கை தேர்ந்துவிட்டார்.

பிறகு சவூதிக்குப் போனார். முதலில் கட்டடங்களுக்குப் பலகை அடித்தார். அதன்பின் பெரிய வீடுகளின் பின்வளவில் நிழலுக்குப் பந்தல் போடுகிற வேலை கிடைத்தது. நாங்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போட்டுக் கழற்றுகிற பந்தல் இல்லை, இது வருடக்கணக்கில் நிற்பது. நான்கு தூண், மேலே குறுக்குமரமாகத் தீராந்தி, அதற்கு மேலே விளிம்பில் நிமிர்த்தி அடித்த மெல்லிய மரச் சலாகைகள். கூரை என்று ஒன்றும் கிடையாது. சலாகையின் நிழல்தான் கூரை. அந்தப் பாலைவனத்தில் வெயிலில் வைத்த சுத்தியலைத் தொட ஏலாதாம், வாளித் தண்ணீரில் போட்டு வைத்து எடுத்துத்தான் அடிப்பார்களாம். கசட்டில் பேசி அனுப்புவார், நாங்கள் எல்லோரும் கூடியிருந்து கேட்போம். "அக்கா, வேலை முடிஞ்ச உடன வீட்டுக்காரன் வந்து நடுவில நிண்டு மேல பாப்பான். பாத்திட்டுச் சிரிப்பான். அதுவரைக்கும் அவன் சிரிச்சு நான் கண்டதில்லை" என்று ஒரு கசட்டில் சொன்னார்.

அவர் உழைத்து அனுப்பியதில்தான் ஐயாவின் வைத்தியம் நடந்தது. நான் சின்ன வயதில் விதவையானேன். என் மகள் படித்ததும் அவர் உழைப்பில்தான். அவருக்கும் கலியாணம் பேசினோம். சரிவரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

நாட்டில் பிரச்சினை முற்றிவிட்டது. ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் கிழக்கு பேர்லினுக்கூடாக மேற்கு பேர்லினுக்கு, இங்கே வந்து சேர்ந்தார். அகதி விடுதியில் இருந்தார். பிறகு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அந்தக் குசினி நிலத்துக்குக் கீழே இருந்தது. வெளியே பகலா இரவா என்று அவருக்குத் தெரியாது. அத்தனை வருடம் வெயில் குடித்த மனிதர் வெயிலைக் காணாமல் வேலை செய்தார். குறை சொல்லமாட்டார். லீவு நாளில் மட்டும் வீட்டுக்குள் அவரைப் பிடித்து வைக்க ஏலாது. குளிர்காலத்திலும் போய்ப் பூங்காவில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு இருப்பார். நான் இங்கே வந்த பிறகு, "பனிக்குள்ள என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை அக்கா, மேலே திறந்திருக்கு" என்பார்.

என்னையும் மகளையும் இங்கே கூப்பிட்டவர் அவர்தான். மகளின் கலியாணத்துக்குப் பிறகு பேர்லினில் நொய்கெல்ன் பகுதியின் தெற்குப் பக்கம், பின்னால் சிறு வளவு வைத்த வீடு ஒன்றை மருமகன் வாடகைக்கு எடுத்தார். தம்பியாரும் எங்களோடு வந்து இருந்தார். எல்லாம் சரியாக வருகிறது என்று நான் நினைத்த வருடத்தில்தான் அவருக்கு அந்த வருத்தம் வந்தது.

வருத்தத்தின் பெயரை எழுதி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து எடுக்கும்வரை வெயில் உடம்பில் படவே கூடாது என்று டொக்டர் சொன்னார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஜெர்மன் வெயில் ஒரு வெயிலா என்று தம்பியாரே சிரித்தார். ஒரு நாள் பின்வளவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தார். இரண்டு கைகளும் கொப்புளித்து, சுடுதண்ணீர் ஊற்றியது போல ஆகிவிட்டன. அதற்குப் பிறகு யன்னல் சீலையை இழுத்து மூடி அறைக்குள் வைத்தோம்.

அந்த வருடம் பேர்லினில் ஒருநாளும் இல்லாத வெக்கை. அறை அடுப்பு மாதிரி இருந்தது. காலையில் மருந்தின் மயக்கத்தில் படுத்திருப்பார். பின்னேரம் எழும்பினால் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். "அக்கா, என்னை வெளியில வை" என்று கேட்டார். அதைத் தவிர அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டதைக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அவருக்காகச் செபமாலை உருட்டினேன். வேறென்ன செய்ய?

வழியை அவரே கண்டுபிடித்தார். பந்தல் போடுவோம் என்றார். வீட்டுக்காரர், வீட்டுச் சுவரில் தொடாமல் கிழக்கு வேலியோரமாகப் போட்டால் சரி என்று சொல்லிவிட்டார். மருமகனும், தம்பியாரோடு குசினியில் வேலை செய்த நண்பர் ஒருவரும் மரம் வாங்கி வந்தார்கள். தம்பியார் பின்கதவின் உள்ளே, நிழலில் கதிரை போட்டிருந்து வேலை சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய சத்தம் அன்றுதான் உயர்ந்து கேட்டது.

தூண் நடக் கிடங்கு வெட்டினால் உள்ளே வெறும் மணல். மருமகன் பயந்தார்.

"மாமா, இது நிக்காது போல கிடக்கு. தோண்டத் தோண்டச் சரியுது."

"தண்ணி ஊத்துங்கோ மருமகன், மணலுக்குத் தண்ணிதான் மருந்து. அக்கா, பாத்தியே, பேர்லினுக்குக் கீழயும் பாலைவனம்தான். அப்ப எனக்குத் தெரிஞ்ச வேலைதான்."

தூணைச் சுற்றிச் சீமெந்து போட்டு இறுக்கினார்கள். நண்பர் தூண் கொஞ்சம் உயரமாக இல்லையா என்று கேட்டார்.

"உயரமா இருந்தாத்தான் காத்து ஓடும். தாழ்வாப் போட்டா வெக்கை கீழ நிண்டு ஆளை அவிக்கும்."

"அண்ணை, மழை பெஞ்சா இதால ஒழுகுமே?"

"மழைக்கு வீடு இருக்குத்தானே. நீங்கள் சலாகையைப் படுக்கப் போடாமல் நிமித்தி அடியுங்கோ. குசினியில தட்டு அடுக்கிற மாதிரி. அது உங்களுக்கு வரும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அந்த வருடத்தில் எனக்கு நல்ல நாள் என்று ஒன்று இருந்தால் அது அன்றைய நாள்தான்.

அடுத்த நாள் பின்னேரம், கதிரையைக் கொண்டுபோய்ப் பந்தலுக்கு நடுவில் வைத்தோம். கதிரை முழுவதும் வெயில். கொஞ்சம் தள்ளி வைத்தோம். அங்கேயும் வெயில். பந்தலின் நிழல் கோடு கோடாக, எவ்வளவு வடிவாக, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாவின் வளவில் விழுந்து கிடந்தது.

தம்பியார் வாசலில் நின்று பார்த்தார். பிறகுதான் சொன்னார். சவூதியில் சூரியன் தலைக்கு நேரே ஏறி நிற்கும், இறங்கினால் கிடுகிடென்று இறங்கி இருட்டிவிடும். இங்கே அது உச்சிக்கு ஏறுவதே இல்லை. சரிந்து சரிந்து, இரவுச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பக்கவாட்டில் நின்று அடிக்கிறது. உயரமான பந்தலுக்குக் கீழால் வெயில் நேரே உள்ளே வந்துவிட்டது. கை பழகிய அளவில் கட்டினார், கை பழகியது வேறு நாட்டு வெயிலில்.

சீமெந்து இறுகிவிட்டது. தூணைப் பிடுங்கி மறுபடி நட மருமகனுக்கு லீவு இல்லை. மேற்குப் பக்கம் என் சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டோம். காற்று அடைத்துப்போய் உள்ளே புழுங்கியது. தம்பியார் சற்று நேரம் இருந்துவிட்டு, "இதுவும் அறைதானே மருமகன்" என்று மெதுவாகச் சொல்லி எழும்பி வந்துவிட்டார். சேலைகளை அவிழ்த்தேன். அதற்குப் பிறகு பின்னேரம் தோறும் கதவுக்கு உள்ளே இருந்து, தான் போட்ட நிழல் பக்கத்து வளவில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டு நான் இருப்பேன்.

பக்கத்து வீட்டு அம்மா தனியே இருக்கிற வயதான ஜெர்மன் பெண். நாங்கள் மிளகாய் வறுத்தால் யன்னலைப் படாரென்று சாத்துவார். அதைத் தவிர எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரு நாள் அவர் வேலியில் வந்து நின்று கை காட்டிக் கூப்பிட்டார். பந்தலைக் காட்டினார், நிலத்தைக் காட்டினார். நான் மகளைக் கூப்பிட்டேன்.

"என்னவாம்? கழட்டட்டாமோ?"

"பொறுங்கோ அம்மா, அவ இன்னும் சொல்லி முடியேல்லை. எங்கட நிழல் முழுக்கத் தன்ர பக்கம் விழுகுதாம்."

"அது எங்களுக்குத் தெரியாதாமோ? நாங்கள் விரும்பியே அங்க போட்டனாங்கள்?"

"தக்காளிக்கு வெயில் படுகுதில்லையாம்."

"சரி. பிறகு?"

"தக்காளிச் சட்டியை முன்பக்கம் வைச்சிட்டாவாம். இடம் சும்மா கிடக்குதாம். கதவுக்குள்ள இருக்கிற அந்த மனிசனை இஞ்ச கொண்டுவந்து இருத்துங்கோ எண்டு சொல்லுறா."

எனக்கு அது பிடிக்கவில்லை. "எங்களுக்கு வளவு இல்லாமலோ பிறத்தியாற்ற வளவில போய்க் குந்தியிருக்க? நன்றி எண்டு மட்டும் சொல்லிவிடு" என்றேன். கதவுக்குள்ளிருந்து தம்பியாரின் சத்தம் வந்தது.

"அக்கா, நிலம்தான் அவவின்ர. நிழல் என்ரதானே."

அப்படிச் சொல்லிவிட்டுத் தடியை எடுத்தார். முதல்நாள் குடையும் போர்வையுமாகத் தெருவால் சுற்றிக் கூட்டிப் போனோம். அந்த நடையிலேயே களைத்துவிட்டார். அதைக் கண்ட அந்த அம்மா தன் வீட்டு ஆணிக் குறடு ஒன்றைக் கொண்டுவந்து வேலிப் பலகைகளின் ஆணிகளைத் தானே பிடுங்கி வழி விட்டார்.

அந்தக் கோடையில் தம்பியார் வெளியே இருந்தார். அந்த அம்மா பக்கத்தில் இருந்து பட்டாணி உரிப்பார். இருவருக்கும் பேசப் பொதுவான மொழி அவ்வளவாக இல்லை. அவர் ஏதோ சொல்வார், தம்பியார் "யா, யா" என்பார். என்ன சொன்னா என்று கேட்டால், "ஆருக்குத் தெரியும்? ஆனா சரியாத்தான் சொல்லியிருப்பா" என்பார். என்னுடைய தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அந்த அம்மா இனிப்புக் கூட என்று முகத்தைச் சுளிப்பார். அவர் தந்த கேக்கைத் தின்றுவிட்டு நான் இனிப்புக் காணாது என்று சொல்வேன். தம்பியார் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். வானம் திறந்திருந்தது, உடம்பில் நிழல் இருந்தது.

கோடை இறங்க இறங்க நிழல் நீண்டு தள்ளித் தள்ளிப் போனது. கதிரையையும் பின்னாலேயே தள்ளினோம். கடைசியில் நிழல் அந்த அம்மாவின் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. சுவரில் ஏறிய நிழலில் ஆளை எப்படி இருத்துவது? அந்த நேரம் தம்பியாருக்கும் எழும்பி நடக்க ஏலாமல் வந்துவிட்டது.

ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் நெடுநேரம் மகளோடு பேசினார். மகள் வந்து, "மாமா, இனி நீங்கள் வெயிலில இருக்கலாமாம்" என்றாள். எனக்குச் சந்தோசம். மாதாவுக்கு அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன். தம்பியார் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் சொன்னாள். "மருந்தை நிப்பாட்டீட்டினம் அம்மா."

பிறகு மழை. நாள் நாளாக மழை. வெயில் படலாம் என்று விட்ட பிறகு வெயிலைக் காணவில்லை. ஒரு நாள் பின்னேரம் மட்டும் வானம் வெளித்தது. மருமகன் அவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் பக்கத்தில், பந்தலுக்குக் கீழே இருத்தினார். பக்கவாட்டில் வெயில் வந்து முகத்திலும் கைகளிலும் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு மேலே பார்த்தார்.

"உயரம் பிழைச்சுப் போச்சு அக்கா. ஒரு முழம் இறக்கியிருக்கோணும்."

"அதுக்கென்ன, வாற வருசம் இறக்குவம்" என்றேன்.

"ஓம்" என்றார்.

நான் போர்வையைச் சரிசெய்தேன். செய்வதற்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. சுவாமியார் வந்து எண்ணெய் பூசிச் செபித்து, நோயில் பூசுதல் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கவே ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

ஓராண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும், அன்று பிரேதத்தோடு நடந்து வந்தவர்களுக்கும், சமைத்துக் கொடுத்தவர்களுக்கும், ஹம்பேர்க்கிலிருந்து வேலையை விட்டு ஓடி வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி வரை ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அந்த நண்பருக்கு என் தனியான நன்றி. மருமகனை மகன் என்றுதான் எழுதவேண்டும். வேலிப் பலகைகளைத் திரும்ப அடிக்காமல் வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மகள் இதை அவருக்குச் சொல்லுவாள்.

பந்தலைக் கழற்றுவோமா என்று மருமகன் கேட்டார். நிற்கட்டும் என்றேன். இந்தக் கோடையிலும் பின்னேரங்களில் நிழல் வேலிக்கு அந்தப் பக்கம்தான் விழுந்தது. என் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை, வெயில் பட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அங்கே போய் நிழலில்தான் இருந்தேன்.

அன்புள்ள அக்கா