புதுநன்மை வகுப்பில் அம்மா

எட்டு வயதில் வாங்க வேண்டிய முதல் நற்கருணையை, எங்கள் பேச்சில் புதுநன்மையை, என் அம்மா நாற்பத்தாறு வயதில் வாங்கினார். அவருக்கு ஞானோபதேசம் நடத்திய டீச்சர் நான்.

குழந்தையிலேயே அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் தாத்தா எந்த எஸ்டேட்டிலும் நிலைத்து வேலை செய்தவர் இல்லை. ஒரு பங்குக் கோயிலில் வகுப்பு தொடங்கினால், அது முடிவதற்குள் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு மலைப்பக்கம் போயிருக்கும். கல்யாணமும் பூசையில்லாமல், சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்ததோடு முடிந்தது. ஞாயிறுதோறும் எல்லாரும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது அம்மா மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். சின்ன வயதில், அவருக்குக் கால் வலி என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்து, எங்கள் மலையிலேயே ஒண்டிக்கடைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், பங்கில் புதுநன்மை வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. அந்த வருடம்தான் அம்மா தானும் சேர்வதாகச் சொன்னார். வீட்டிலேயே மகள் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார் ஃபாதர். அம்மா ஒப்பவில்லை.

"ஊட்ல அவ எனக்குப் புள்ளதானுங்க. இங்கதானுங்க டீச்சரு."

ஒன்பது பிள்ளைகளோடு பத்தாவது ஆளாகப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். ஒரு வாயாடிப் பெண் முதல் நாளே, டீச்சர் உங்களையும் அடிப்பாங்களா என்று கேட்டாள்.

"ஊட்ல நா அடிச்சதுக்கெல்லாம் இங்க வாங்கிக்கறேன் சாமி," என்றார் அம்மா.

படிக்கத் தெரியாவிட்டாலும் செபங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் இயேசு கற்றுக்கொடுத்த செபம் பாடமாக வந்த அன்று எனக்குக் கவலையே இல்லை. 'எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்' என்ற இடத்தில் நிறுத்தி, சோதனை என்றால் என்ன என்று வரிசையாகக் கேட்டேன். பாவம் செய்யத் தூண்டும் ஆசை என்று பிள்ளைகள் புத்தகத்தில் இருந்தபடியே ஒப்பித்தார்கள். அம்மாவின் முறை வந்தது.

"சாயங்காலம் கேட்ல பையக் கொட்டிக் காட்டச் சொல்றதுங்க டீச்சர்."

காப்பிப் பழமோ மிளகோ பறித்துவிட்டு வெளியே வரும்போது, அம்மா வேலை பார்க்கும் எஸ்டேட் வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருவர் பையையும் சோற்றுத் தூக்குப்போசியையும் திறந்து பார்ப்பார். அதற்கு அங்கே பெயர் சோதனை. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு "தப்பு" என்று சொல்லி, சரியான பதிலைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். அதை அம்மாவால் படிக்க முடியாது என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு, இனிமேல் வகுப்புக்கு வரப்போவதில்லை என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. புதுநன்மைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. இந்த முறை விட்டால் அவர் மறுபடி கேட்கவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க எப்படிப் பேசுவதென்றே தெரியாமல் ஓட்டினேன். சனிக்கிழமை அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"புள்ளைங்க தெரியாமச் சிரிச்சிருச்சும்மா."

"புள்ளைங்க சிரிச்சா எனக்கென்ன. நீ சிரிச்சியே கண்ணு."

அவர் மடித்து வைத்த சேலையை எடுத்து நானும் ஒரு தரம் மடித்தேன். நான் சொன்னது மனப்பாடம் செய்த பதில், நீ சொன்னதை நான் கேட்கவே இல்லை, நாளைக்கு வந்து சொல் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வந்தார். போன வாரம் நான் தப்பு என்று சொன்னதுதான் தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அம்மா மெதுவாக ஆரம்பித்தார். தினமும் காலையில் எஸ்டேட் வாசலில் நுழையும்போது அந்த வரியைச் சொல்லிக்கொள்வாராம். வாட்ச்மேனுக்குப் பயந்து அல்ல. சாயங்காலம் பையைத் திறக்கப் பயப்படும்படி எதையும் தன் கை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

வாயாடி விடவில்லை. "ஒருக்காகூட எடுத்ததில்லீங்களா பெரியம்மா?"

"ஒருக்கா எடுத்தேன் சாமி. ஒரு கை மொளகு. டீச்சருக்கு அப்ப மூணு வயசு, நொம்ப இருமலு. அன்னிக்குன்னு பாத்து வாட்ச்மேன் எம் பையத் தொடவேயில்ல. ஆண்டவரு காப்பாத்துனாரா, பாத்துட்டுச் சும்மா இருந்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அதில் இல்லாத எழுத்தை அழித்துக்கொண்டிருந்தேன். புதுநன்மைக்கு முன் ஃபாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வீர்கள் என்று மூன்று வாரமாகக் கேட்டும் வாய் திறக்காத பிள்ளைகளில் ஒருத்தி கையைத் தூக்கினாள். அக்காவின் வளையலை அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருக்கிறாளாம். உடனே இன்னொரு கை. அதற்குப் பிறகு இன்னொன்று. அதையெல்லாம் ஃபாதரிடம் சொல்லுங்கள் என்று நான்தான் நிறுத்த வேண்டியதாயிற்று.

புதுநன்மை அன்று கோயில் வாசல் வரைக்கும் பனி இறங்கியிருந்தது. அம்மா வெள்ளைச் சேலையில், ஒன்பது பிள்ளைகளுக்கும் பின்னால் போனார். குனிந்து குனிந்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபாதர் அம்மாவிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமெனுங்க," என்றார் அம்மா.

பூசை முடிந்ததும் வாயாடி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். பெரியம்மா 'ஆமெனுங்க' என்று சொன்னது தப்புதானே, நீங்கள் அப்படிச் சொல்லித்தரவில்லையே என்றாள்.

"தப்பில்ல சாமி," என்றேன்.

போட்டோ எடுக்க எல்லாரும் படிக்கட்டில் கூடினார்கள். உயரமானவர்கள் பின்னால் நிற்க வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் விழாதவர் போல, அம்மா பிள்ளைகளின் நடுவில் போய் நின்றுகொண்டார்.