மீசை வைத்த சட்டி

பக்கத்து வீட்டு அக்கா விரல் நீட்டுவதால்தான் என் பூசணிப் பிஞ்சுகள் அழுகி விழுகின்றன என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் முன்னால் உத்தியோகம், காலையில் இங்கிலீஷ் பேப்பர். இருந்தும் நம்பினேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள் நிறுத்துமளவு மண் இருக்கிறது. குசினிக் கழிவில் தானாக முளைத்த கொடி அதை நிரப்பி, மதிலேறி, அக்கா வீட்டை எட்டிப் பார்த்தது. அக்கா தனியாள். மதிலோரம் மெசின் போட்டு பிளவுஸ் தைப்பவர். என்னைக் களிசான் போட்ட காலத்திலிருந்து தெரியும் என்பதால் தலை நரைத்த பிறகும் நான் தம்பிதான்.

"தம்பி, அந்தா ஒரு பிஞ்சு!"

"ஐயோ அக்கா, விரலை மடக்கிக் காட்டுங்கோ! சுட்டினா அழுகிப் போகும்."

"அப்ப காலால காட்டட்டே?"

மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு விழத்தான் செய்யும் என்று பிறகுதான் வாசித்தேன். அப்போது எனக்குத் தெரிந்த காரணம் மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது பிஞ்சு பிடித்ததும் கலவரப்பட்டுப் போய் ஒரு மண்சட்டி வாங்கினேன். கண்ணூறு நாவூறு படாமலிருக்கக் கரி பூசி, சுண்ணாம்பால் இரண்டு முட்டைக் கண்ணும் ஒரு முறுக்கு மீசையும் கீறினேன். உடுப்புக் காயப்போடும் இரும்புத் தூணில், வாய் வானத்தைப் பார்க்கக் கம்பியால் கட்டினேன்.

"உங்கட முகந்தான் அப்பா" என்றாள் மனைவி.

மதிலுக்கு மேலால் அக்காவின் தலை வந்தது. "உந்தச் சட்டியைக் கவிழ்த்தெல்லோ தம்பி வைக்கிறது! நிமிர்த்தி வச்சா மழைத்தண்ணி நிக்கும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டியின் பலனைக் கெடுக்கப் பார்க்கிறார்! தவிர, கவிழ்த்தால் மீசை நெற்றிக்குப் போய்விடும்.

"அது அப்பிடியே இருக்கட்டும் அக்கா" என்றேன்.

அதன்பிறகு நல்ல மழை. பிஞ்சு தேங்காயளவானது, பிறகு என் தலையளவானது. சட்டி வேலை செய்கிறது என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் மெசின் சத்தம் கேட்கவில்லை. "சும்மா காய்ச்சல்" என்றார் அக்கா. பெனடோல் குளிசை போட்டார். மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. நானும் மனைவியும் த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு. பிளேட்லட் ஒவ்வொரு நாளும் இறங்கியது.

பார்க்கப் போனபோது, சேலைன் ஏறிய கையை அசைக்காமல் கேட்டார்: "பூசணி எப்பிடித் தம்பி?"

அந்தக் கட்டிலிலும் அவர் கண்ணுக்கு நான் பயந்தேன். "சின்னனாத்தான் இருக்கு அக்கா" என்று பொய் சொன்னேன்.

"பாவம்" என்றார்.

மறுநாள், நோயாளி இருந்த இடம் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். எங்காவது தண்ணீர் தேங்கியிருந்தால் தண்டம் அடிப்பார்கள் என்ற பயத்தில் வீடு முழுக்க ஓடினேன். வாளியைக் கவிழ்த்தேன். பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தேன். சாமித் தட்டில் இருந்த செம்பைக்கூட விடவில்லை.

இளம் பரிசோதகர் மீசையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கதிரையில் ஏறி, சட்டிக்குள் டோர்ச் அடித்தார். சிரிப்பு நின்றது.

"மஹத்தயா, இங்க வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

பாதிச் சட்டி தண்ணீர். அதில் நுளம்புக் குடம்பிகள் குட்டிப் புழுக்களாக நெளிந்தன.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு... இதாலயா?"

"எந்த நுளம்பு கடிச்சது எண்டு யாருக்கும் சொல்ல ஏலா" என்றார். கம்பியை அவிழ்த்து, சட்டியை மண்ணில் கவிழ்த்து வைத்தார். மீசை நெற்றிக்குப் போனது.

அடுத்த நாள் காலை அக்கா இறந்துபோனார். பூசணி அழுகவில்லை, கொடியிலேயே முற்றியது.