ஐந்துக்கு ஒரு வீடு

தமிழினி எங்கள் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். நானும் அப்படித்தான். ஜூன் வந்தால் மறுபடியும் வேலைக்கு ஆர்டர் வருமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற கூட்டம். ஆராய்ச்சி முறையியல் பாடத்தை நாங்களெல்லாம் நோட்ஸ் கொடுத்துக் கழித்துவிடுவோம். அவள் மட்டும் எம்.ஏ. பிள்ளைகளைச் செஞ்சிக்கு வெளியே ஊர் ஊராக அனுப்புவாள். இந்த வருடம் அனுப்பியது அவள் பிறந்த ஊருக்கே. ஐந்துக்கு ஒரு வீடாக நாற்பது வீடுகளில் குடிநீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டும். அது தன் ஊர் என்று பிள்ளைகளிடம் அவள் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வன்று காலையில்தான் பிள்ளைகள் நிரப்பிய படிவங்கள் அவள் கைக்கு வந்தன. துறைத்தலைவர் அரங்கநாதன் அவசரப்படுத்தினார்.

"பசங்க நேர்ல போனாங்கன்னு சான்றிதழ்ல சீக்கிரம் சைன் போடும்மா, எக்ஸாமினர் திண்டிவனம் தாண்டிட்டாரு. இந்த வாட்டி யாராச்சும் ஃபெயிலானா உன் ஆர்டருக்கு நான் பேச முடியாது."

புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு படிவத்தில் நின்றாள். குழுத்தலைவன் வெற்றிவேலைக் கூப்பிட்டாள்.

"காலனித் தெருவுல இந்த வூட்ல யாரைக் கேட்டே?"

"காத்தாயின்னு ஒரு அம்மா மேடம். டெய்லி தண்ணி வருது, திருப்தின்னாங்க."

"நேர்ல பேசினியா?"

"பேசினேன் மேடம். டீ கூட குடுத்தாங்க."

அவள் குரல் உயரவே இல்லை.

"அது எங்கம்மா. செத்து மூணு வருஷம் ஆவுது."

பயல் அழுதுவிட்டான். பழைய வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, காலனியின் எட்டுப் படிவங்களையும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார்கள்.

"கையெழுத்தைப் போட்டுத் தொலைடி" என்றேன் நான். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். அவள் சான்றிதழில், 'எட்டு வீடுகளுக்கு மாணவர்கள் செல்லவில்லை' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டாள்.

தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்தார். "ஏன் போகல?"

வீடு பூட்டியிருந்தது என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. வெற்றிவேல் தமிழினியைப் பார்த்தான்.

"அந்த மாதிரித் தெருவுக்குள்ள எங்க வூட்ல யாரும் போனதில்ல சார். நாங்களும் போவல."

குழுவில் ஐந்து பேரும் ஃபெயில். ஜூனில் எனக்கு ஆர்டர் வந்தது, அவளுக்கு வரவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"உங்கம்மா சாவுக்குக் கூட நான் வரல தமிழு. அன்னிக்குப் பஸ்ஸே..."

"அன்னிக்குப் பஸ் ஓடிச்சுக்கா" என்றாள்.